உருட்டலைக் கற்றுக்கொடுத்தது யார்?

2005 செப்டம்பர் 27. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் நண்பர் ஒருவருடன் இருந்த உதயகுமார் என்ற இளைஞரைக் கோட்டை காவல் நிலையத்துக்குப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்தவர். அவரிடம் 4,020 ரூபாய் இருந்தது. இவனிடம் இவ்வளவு பணம் எப்படி வந்தது என்பதுதான் சந்தேகம். அன்றிரவே அவர் இறந்துவிட்டார். நிலையத்துக்குள் தன் காலால் நடந்து போனவர் பிணமாகத்தான் தாய் பிரபாவதியம்மாவிடம் திரும்பினார். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் கண்டது, நசுங்கிப்போன தொடைத் தசைகளை.

கேரளத்துப் போலீஸ் பேச்சில் இதற்கு 'உருட்டல்' என்று பெயர். ஆளை பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து, கை காலைக் கட்டி, தொடையின் மேல் கனத்த உலக்கையையோ இரும்புக் குழாயையோ வைத்து, இரண்டு பக்கமும் ஆட்கள் அழுத்திக்கொண்டு மேலும் கீழும் உருட்டுவார்கள். நம் உடம்பின் மிகப் பெரிய தசைகளில் பல தொடையில்தான் இருக்கின்றன. அவை நசுங்கினால், தோல் கிழியாமலேயே உள்ளே ஏராளமான ரத்தம் தேங்கிவிடும். சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் கசிந்து சிறுநீரகத்தை அடைக்கும். பொட்டாசியம் வெளியேறி இதயத் துடிப்பைக் குலைக்கும். பூகம்ப இடிபாட்டில் கால் சிக்கியவர்களில் சிலர், உயிரோடு மீட்கப்பட்ட பிறகும் இறந்துபோவது இதே காரணத்தால்தான்.

கோபம் வந்தால் கன்னத்தில் அறையலாம். கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம். உருட்டலுக்குக் கோபம் மட்டும் போதாது. பெஞ்சு வேண்டும், கயிறு வேண்டும், பிடித்துக்கொள்ள ஆட்கள் வேண்டும், எங்கே எவ்வளவு அழுத்தினால் வெளியே தெரியாது என்று அறிந்த ஒருவர் வேண்டும். அப்படியென்றால், யாரோ யாருக்கோ இதைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் மாதம், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனது. அவர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த முகாமில் அடைபட்டு உயிர் பிழைத்தவர்கள் விவரித்ததும் இதே உருட்டலைத்தான். ராஜனின் தந்தை ஈச்சர வாரியர் 1977இல் தொடுத்த ஆட்கொணர்வு மனுவால் முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ஓர் அரசே ஆட்டம் கண்ட வழக்கு அது. அதற்கு 28 ஆண்டுகள் கழித்தும் தலைநகரின் காவல் நிலையம் ஒன்றில் அதே வேலை நடந்ததாக சிபிஐ நீதிமன்றத்தில் சொன்னது. ஆட்சிகள் மாறின, தலைமுறை மாறியது, கைவேலை மட்டும் மாறவில்லை. சித்திரவதையின் உலக வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் டேரியஸ் ரெஜாலி இதைத்தான் விளக்குகிறார். சித்திரவதை முறைகள் பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் இருந்தோ மேலிடத்து ஆணையில் இருந்தோ வருவதில்லை. பழைய கொத்தனாரிடம் சித்தாள் தொழில் பழகுவது மாதிரி, மூத்தவர்களோடு இருந்து பார்த்துப் பழகுபவை அவை. நீதிமன்றமும் பத்திரிகையும் கண்காணிக்கும் நாடுகளில் தழும்பு விழாத முறைகள் தழைக்கின்றன என்பதும் அவருடைய முடிவு.

2018 ஜூலையில் திருவனந்தபுரம் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் உதயகுமார் வழக்கில் இரண்டு போலீஸாருக்கு மரண தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம் விசாரணையில் குறை கண்டு குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அதனால் நான் யாரையும் கைகாட்டப் போவதில்லை. என் கேள்வி வேறு. வீட்டில் பிள்ளை குட்டிகளோடு வாழ்கிற, கோயிலுக்குப் போகிற, பக்கத்து வீட்டுக்காரருக்கு அவசரமென்றால் ஓடிவருகிற மனிதர்கள், கட்டுண்டு கிடக்கும் ஒருவரின் தொடையை நசுக்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறார்கள்?

நமக்குப் பழகிய பதில் ஒன்று உண்டு: அவர்கள் மனிதர்களே அல்ல, மிருகங்கள். இந்தப் பதிலுக்குத் தோதான செய்திகளை நாம் தேடித் தேடிப் படிக்கிறோம். 2017இல் இதே திருவனந்தபுரத்தின் நந்தன்கோட்டில் ஓர் இளைஞர் பெற்றோரையும் தங்கையையும் உறவினர் ஒருவரையும் கொன்றார். ஆவியை உடலிலிருந்து பிரிக்கும் சோதனை என்று அவர் சொன்னதாக வந்த செய்தி தமிழ்நாடு வரை பேசப்பட்டது. 2025இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பிறர் வலியைக் கண்டு மனம் அசையாத சைக்கோபதி என்ற ஆளுமைக் குறைபாடு மக்கள்தொகையில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. வலி கொடுப்பதில் இன்பம் காண்பவர்களும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், கழிப்பறை கழுவுவது, குளிர்ந்த நீரில் கையை வைத்திருப்பது, காப்பிக்கொட்டை அரைக்கும் கருவியில் பூச்சிகளைப் போட்டு அரைப்பது போன்ற வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பூச்சிகளுக்குச் செல்லப் பெயர்கூட வைத்திருந்தார்கள். கருவிக்குள் தடுப்பு இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, சோதனைக்கு வந்தவர்களுக்கு அது தெரியாது. சிலர் தயங்காமல் பூச்சியை அரைக்கப் போனார்கள். கேள்வித்தாளில் குரூர மனப்பான்மைக்கு அதிக மதிப்பெண் வாங்கியவர்களே அவர்களில் மிகுதி.

ஆனால் ஒரு காவல் நிலையத்தில் பணியாற்றும் அத்தனை பேரையும் இந்த நூற்றில் ஒருவர் கணக்குக்குள் அடக்க முடியாது. மீதிப் பேரைப் பற்றித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனையைத் தொடங்கினார். நினைவாற்றல் பற்றிய ஆய்வு, நாலரை டாலர் கூலி என்று விளம்பரம் செய்து ஆள் சேர்த்தார். வந்தவர் ஆசிரியர், அடுத்த அறையில் இருப்பவர் மாணவர். தவறாகப் பதில் சொன்னால் மின்னதிர்ச்சி. 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை 30 பொத்தான்கள். மாணவராக நடித்தவருக்கு உண்மையில் மின்சாரம் பாயவில்லை. முதல் சோதனையில் 300 வோல்ட் வந்ததும் அவர் சுவரை உதைப்பார், பிறகு பதிலே வராது. பக்கத்தில் நிற்கும் ஆய்வாளர் அமைதியாக, தொடரச் சொல்வார். 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள்.

மனிதர்கள் ஆணைக்கு அடிபணிபவர்கள் என்று இந்தச் சோதனையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். அலெக்ஸ் ஹஸ்லம், ஸ்டீஃபன் ரெய்ச்சர் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆவணங்களை மறுபடி புரட்டினார்கள். தயங்கியவர்களிடம் சொல்ல ஆய்வாளருக்கு நான்கு வாசகங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. முதலில் பணிவான வேண்டுகோள், அடுத்து ஆய்வுக்கு இது தேவை என்ற விளக்கம், கடைசியில்தான் உனக்கு வேறு வழியில்லை என்கிற அப்பட்டமான கட்டளை. அந்தக் கடைசிக் கட்டளையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் முரண்டு பிடித்தார்கள். ஆய்வுக்கு இது தேவை என்ற சொல்தான் அவர்களை நகர்த்தியது. சோதனை முடிந்து உண்மை தெரிந்த பிறகு, அறிவியலுக்கு உதவினோமே என்று மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தவர்களும் பலர். பயந்து பணிந்தவர்களைவிட, ஒரு நல்ல காரியத்துக்குக் கைகொடுக்கிறோம் என்று நம்பியவர்கள்தான் அங்கே அதிகம் இருந்திருக்கிறார்கள். இது எனக்கு மில்கிராமின் முதல் முடிவைவிட அச்சம் தருகிறது. பயந்தவனை மிரட்டுபவனிடமிருந்து பிரித்துவிடலாம். நல்லது செய்கிறேன் என்று நம்புகிறவனை எதிலிருந்து பிரிப்பது?

உண்மையிலேயே பயந்து பணிந்த ஒருவரும் கேரள வரலாற்றில் இருக்கிறார். 1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்சல் தலைவர் வர்கீஸ் மோதலில் கொல்லப்பட்டதாகப் போலீஸ் அறிவித்தது. 28 ஆண்டுகள் கழித்து, 1998இல், ராமச்சந்திரன் நாயர் என்ற முன்னாள் மத்திய ரிசர்வ் போலீஸ் காவலர் பொதுவெளியில் வந்து, பிடிபட்டிருந்த வர்கீஸைச் சுட்டது நான்தான் என்றார். தனக்கு விருப்பமில்லை என்றும், மறுத்தால் நீயும் மோதலில் செத்ததாகிவிடும் என்று மேலதிகாரி லட்சுமணா மிரட்டினார் என்றும் சொன்னார். வழக்கு முடியும் முன்பே ராமச்சந்திரன் நாயர் காலமானார். 2010இல் எர்ணாகுளம் சிபிஐ நீதிமன்றம் லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. விசையை அழுத்திய விரல் 28 ஆண்டுகள் அந்தக் கணத்தைச் சுமந்திருக்கிறது. உத்தரவிட்டவருக்கோ அது பதவிப் படிகளில் ஒரு சம்பவம்.

உத்தரவு ஒருவரின் மூளைக்குள் என்ன செய்கிறது என்பதை எமிலி காஸ்பர், பேட்ரிக் ஹகார்ட் குழுவினர் 2016இல் அளந்து பார்த்தார்கள். எதிரே இருப்பவருக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தால் கொஞ்சம் காசு கிடைக்கும். பொத்தானை அழுத்தியதும் ஓர் ஒலி கேட்கும். அழுத்தியதற்கும் ஒலிக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று பங்கேற்பவர் சொல்ல வேண்டும். தானாக விரும்பி ஒரு செயலைச் செய்யும்போது, செயலும் விளைவும் நெருங்கி வந்ததாக மனம் உணரும். கட்டளைக்கு உட்பட்டு அழுத்தியபோது அந்த இடைவெளி நீண்டதாகத் தோன்றியது, ஏதோ தன் கைக்குத் தொடர்பில்லாமல் நடந்ததைப் போல. விளைவைக் கேட்கும்போது மூளையில் எழும் மின் அலையும் குறைந்திருந்தது. 'மேலே சொன்னதைத்தான் செய்தேன்' என்று கூண்டில் நிற்பவர் சொல்லும்போது, அதில் கொஞ்சம் அவர் உணர்ந்த உண்மையும் இருக்கலாம். தண்டனையைக் குறைக்க இது காரணமாகக் கூடாது. உத்தரவு போடுகிறவரின் தண்டனையைக் கூட்ட இது போதுமான காரணம்.

மிரட்டலும் இல்லை, கட்டாயமும் இல்லை, விலகிக்கொள்ளலாம் என்று சொல்லியும் விட்டார்கள். அப்போது என்ன ஆகும்? அதற்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1942 ஜூலையில், போலந்தின் யூசெஃபூஃப் கிராமத்தில் யூதர்களைச் சுட்டுக் கொல்ல ஹாம்பர்க் நகரத்து ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101 நிறுத்தப்பட்டது. நடுவயது ஆட்கள், சாதாரணத் தொழிலாளிகள். அவர்களின் தலைவர் மேஜர் ட்ராப், முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏறத்தாழ 500 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் அப்போது விலகினார்கள். அன்று சுமார் 1,500 பேர் கொல்லப்பட்டார்கள். பிற்காலத்தில் அந்தப் போலீஸார் கொடுத்த வாக்குமூலங்களைப் படித்து வரலாற்றாசிரியர் கிறிஸ்டஃபர் பிரவுனிங் எழுதியதில் என் மனதைவிட்டு அகலாத ஒன்று உண்டு: பலருக்குத் தண்டனை பற்றிய பயமே இல்லை. கூட இருப்பவர்கள் முன்னால் கோழையாகத் தெரிந்துவிடுவோமோ, அசிங்கமான வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் மட்டும் ஒதுங்குவது நியாயமா என்ற கூச்சம்தான் அவர்களை நிறுத்திவைத்தது. நட்பு, விசுவாசம், விட்டுக்கொடுக்காமை என்று வேறு இடத்தில் நாம் மெச்சும் குணங்கள்தான் அங்கே துப்பாக்கியைத் தூக்கவைத்தன.

இதுவரை நிலையத்துக்குள் இருப்பவர்களைப் பற்றிப் பேசினோம். வெளியே நிற்கும் நம்மைப் பற்றியும் பேச வேண்டும். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, பெண் கால்நடை மருத்துவர் வன்கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் அந்தப் போலீஸார் மேல் பூத் தூவினார்கள், இனிப்பு ஊட்டினார்கள். நீதிபதி சிர்புர்கர் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று சொன்னது. இறந்த நால்வரில் மூவர் சம்பவத்தின்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அறிக்கை 2022இல் வெளிவந்தபோது பூத் தூவியவர்கள் யாரும் தெருவுக்கு வரவில்லை.

ஆலன் ஃபிஸ்க், தாஜ் ராய் என்ற ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட நூலில், உலகின் வன்முறையில் பெரும்பகுதி அறத்தை மீறுகிறோம் என்ற எண்ணத்தோடு செய்யப்படுவதே இல்லை, அறத்தை நிலைநாட்டுகிறோம் என்ற எண்ணத்தோடுதான் செய்யப்படுகிறது என்று வாதிட்டார்கள். நம் டீக்கடைப் பேச்சைக் கேட்டாலே இதற்குச் சான்று கிடைக்கும். நாலு தட்டு தட்டினால்தான் உண்மை வரும் என்கிறோம். கைதானவர் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வந்தால், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாராம் என்று சொல்லிச் சிரிக்கிறோம். நம் சினிமாவில் விசாரணை அறையில் கதாநாயகன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் விசில் பறக்கிறது. 4,020 ரூபாய் வைத்திருந்ததே சந்தேகத்துக்குப் போதும் என்று ஒரு காவலர் நினைக்க முடிந்தது எப்படி? நாம் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். கசங்கின சட்டையில் கட்டுப் பணம் இருந்தால் அது திருட்டுப் பணம்.

அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே நிகழ்ச்சியை எப்படி வேறுவேறாக நினைவில் வைக்கிறார்கள் என்பதை ராய் பாமைஸ்டர் 1990இல் சோதித்தார். ஒவ்வொருவரையும் இரண்டு சம்பவங்களை எழுதச் சொன்னார்: பிறர் தன்னைப் புண்படுத்தியது ஒன்று, தான் பிறரைப் புண்படுத்தியது ஒன்று. எழுதியது அதே ஆட்கள்தான். தான் செய்ததை எழுதும்போது காரணம் இருந்தது, அது எப்போதோ முடிந்துபோன விஷயமாக இருந்தது. தனக்கு நேர்ந்ததை எழுதும்போது அது காரணமில்லாத கொடுமை, இன்னும் முடியாத வலி. பிரபாவதியம்மா மகனுக்காக நீதிமன்றப் படி ஏறி இருபது ஆண்டு ஆகிறது. முதல் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்துபோனபோது, சிபிஐ விசாரணை வேண்டும் என்று உயர்நீதிமன்றம் வரை போனவர் அவர். அதிகாரிகளின் கோப்பில் அது மூடப்பட வேண்டிய ஒரு பழைய வழக்கு.

மில்கிராமின் வேறு சோதனைகளைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதியதில்லை. ஆசிரியர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து, நடுவில் எழுந்து மறுத்துவிட்டால், 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். இரண்டு ஆய்வாளர்கள் தங்களுக்குள் முரண்பட்டு ஒருவர் நிறுத்து, மற்றவர் தொடர் என்றபோது ஒருவரும் கடைசி வரை போகவில்லை. மறுக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்ததும், பெரும்பாலானவர்கள் மறுத்துவிடுகிறார்கள். இந்த ஆய்வுகளிலேயே எனக்கு நம்பிக்கை தந்த எண் இது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் சித்திரவதையால் உயிரிழந்தபோது, விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனை அந்த நிலையத்துப் போலீஸார் அவமதித்தார்கள். நிலையத்துக் கேமராவில் போதிய இடமிருந்தும், காட்சிகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை அவர் அறிக்கையில் எழுதினார். சித்திரவதை நடந்த இரவில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, அச்சத்தோடுதான் என்றாலும், கண்டதைச் சொன்னார், கையெழுத்தும் போட்டார். சக காவலர்கள் வெளியே நிற்கும்போது அதைச் செய்தார். அவருக்கு அன்று வீரப் பதக்கம் ஏதும் தேவைப்படவில்லை, பாதுகாப்பு தேவைப்பட்டது. உயர்நீதிமன்றம் அதைக் கொடுத்தது. எல்லா நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் ஆணையிட்டது. கேமரா வேண்டியதுதான். ஆனால் கேமராவை அணைக்கவும் அழிக்கவும் ஒரு கை இருக்கும். 'சார், வேண்டாம்' என்று சொல்லும் இரண்டாவது குரல் அந்த அறையில் இருந்தால்தான் அந்தக் கை தயங்கும். அப்படிச் சொன்னவரை இடமாற்றத்தால் பழிவாங்காத துறை, அவருக்குச் சட்டப் பாதுகாப்பு, பயிற்சிக் கல்லூரியிலேயே மறுக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஆகியவை வேண்டும். உருட்டலைக் கற்றுக்கொள்ள முடிகிற மனிதனால் மறுப்பதையும் கற்றுக்கொள்ள முடியும்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் அதை உறுதிசெய்து ஏற்கவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியானது. 2017இல் சட்ட ஆணையம் புதிய வரைவையும் எழுதிக் கொடுத்துவிட்டது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருபவரிடம், இந்தச் சட்டம் எப்போது வரும் என்று கேளுங்கள்.